லிஃப்ட்டுக்குள் ஒரு காகிதப் பாவாடை

அந்தத் துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டும் அவருக்குப் பெயரே லிஃப்ட்டு என்று ஆகிவிட்டது. "லிஃப்ட்டு, மேல போகுமா?" என்றால்தான் திரும்புவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவார்.

ஐந்து மாடிக் கடை. எல்லா மாடியையும் நாள் முழுக்க எட்டிப் பார்ப்பாரே தவிர, ஒன்றிலும் பத்தடி நடந்ததில்லை. கதவு திறக்கும், துணியும் வெளிச்சமுமாய் ஒரு கீற்று தெரியும், மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு முக்காலி, தலைக்கு மேல் முனகும் மின்விசிறி, வருகிறவர்களெல்லாம் தலைவாரிக்கொள்ளும் கண்ணாடி. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

வீட்டிலும் அவர் விருந்தாளி மாதிரிதான். மகள் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுவார். திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அதனால்தான் ஒரு நாள் செருப்பை மாட்டும்போது மனைவி சொன்ன செய்தியை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா ஸ்கூல்ல ஹவாய் டான்ஸாம். ஓலைய தொங்கவிட்ட மாதிரி பாவாடை வேணுமாம். பேப்பர் பையிலயே பண்ணிக்கலாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"பேப்பர் பைக்கு எங்க கடைய விட்டா ஏது? நானே பண்றேன்."

"நீங்களா?"

"ஏன், பட்டன் அமுக்குற விரலு கத்தரி பிடிக்காதா?"

பில் போடும் அக்கா, கிழிந்த பைகளாகப் பார்த்து ஒரு கட்டு ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையில்தான் வேலை. பையின் அடியை வெட்டித் தள்ளி, பக்கத்தைப் பிரித்து, மேலே நான்கு விரல் அகலம் விட்டுவிட்டுக் கீழே விரல் பருமனுக்கு நறுக்குவார். நறுக்கியதைக் கசக்கி நீவினால் விறைப்புப் போய்த் துவண்டு ஆடும். அப்படி மூன்று அடுக்கை ஒரு தடித்த பட்டையில் ஒட்டினார். 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டார். மாடி வந்ததும் எல்லாம் முக்காலிக்கு அடியில் போய்விடும்.

"என்னண்ணே, உள்ளயே தனிக்கடை போட்டாச்சா?" என்றாள் துணி மடிக்கும் பெண்.

"ஆமாம்மா, ஒரே ஒரு வாடிக்கையாளர்தான்."

அந்த ஒரு வாடிக்கையாளர் ஆடுவதைப் பார்க்க அரைநாள் கேட்டார். சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். "உங்கள விட்டா எனக்கு ஆளு ஏது, லிஃப்ட்டு?" பாராட்டு மாதிரிதான் இருந்தது. பூட்டுகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

விழா அன்று பள்ளிக்குப் போகிற வழியில் மனைவியும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகளின் கன்னத்தில் சிவப்புப் பொட்டு, கழுத்தில் காகிதப் பூ. லிஃப்ட் மேலே போகப் போக, கவுனின் மேல் பாவாடையை மாட்டிப் பார்த்தாள். கையை எடுத்ததுதான் தாமதம், சரசரவென்று காலடியில் விழுந்தது.

"யாருக்குப்பா அளவெடுத்தீங்க?"

"உனக்குத்தான்டா. நீ தூங்கும்போது, கயித்த இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போட்டு, அதையே ரெண்டாக்கி..."

மனைவி பெருமூச்சு விட்டாள். "படுத்தா வயிறு பரந்துதானே கெடக்கும்! நின்ன பிள்ளைய நீங்க எங்க பாத்தீங்க?"

அவர் குனிந்து பாவாடையை எடுத்தார். பட்டையைச் சுருக்கித் துளை போட்டு, பைகளின் பிடிக்கயிற்றைக் கோத்துக் கட்டினால் நிற்கும். ஆனால் அடுத்த மாடியில் கூட்டம் நெருக்கிக்கொண்டு ஏறும், காகிதம் கூழாகிவிடும். அவர் கை, இத்தனை வருஷமும் துடைத்து மட்டுமே வைத்திருந்த சிவப்புப் பட்டனை அமுக்கியது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது.

"ஐயோ, என்னங்க இது!"

"ஒண்ணுமில்ல. புடி இத."

முக்காலியை ஓரமாகத் தள்ளினார். மகளை நிற்க வைத்து, அவள் இடுப்பைச் சுற்றிப் பட்டையை இழுத்து மடித்தார். சாவி முனையால் துளையிட்டுக் கயிற்றைக் கோத்தார். அவள் தலை தன் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மேலேயிருந்து சூப்பர்வைசர் கதவைத் தட்டும் சத்தம். "லிஃப்ட்டு! என்னாச்சு?"

"நின்னுடுச்சு சார்!"

"உள்ள மாட்டிக்கிட்டீங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆளுக்கு இத்தனை வருஷம் ஆயிற்றே என்று இருந்தது அவருக்கு. "ஆமா சார்!" என்று தொண்டை திறந்து கத்தினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் ஆடிக் காட்டு, பாப்பா."

"இங்க இடமே இல்லையேப்பா."

"இருக்குற எடத்துல ஆடு."

அவளே பாட்டை முனகிக்கொண்டு ஆடினாள். கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் இடித்தது. பாவாடை சரசரத்தது, விழவில்லை. ஒரு சுற்றுச் சுற்றியபோது உள்ளே திருப்பி வைத்த 'நன்றி' எட்டிப் பார்த்தது. மேலே சத்தம் வலுத்தது. பட்டனை விடுவித்து நேராகக் கீழே இறக்கினார்.

கதவு திறந்ததும் இருவரும் ஓடினார்கள். "வாங்கப்பா!" என்று மகள் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரு கால் அவரை அறியாமல் வாசலைத் தாண்டியது. அதற்குள் மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் உள்ளே நுழைந்து, "அஞ்சு" என்றது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டு, பிள்ளைகள் மேடையேறியிருக்கும் நேரத்தில், அவர் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தார்.