இரண்டாவது லைன் வந்த வழி

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பம்பு பார்த்தவர். நிலத்தடித் தண்ணீரை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிடும். அதனால் பம்புக்குக் கரண்ட் ரெண்டு லைனில் வரும் என்பார். ஒன்று கிழக்கே வந்தால் இன்னொன்று மேற்கே வரும். ரெண்டு லைன் என்றால் ரெண்டு வழி. அவர் காலமான பிறகும் எனக்கு அந்த அர்த்தம்தான்.

குவார்ட்டர்ஸை விட்டு மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டி வந்திருந்தோம். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு, டைப் அடித்து, உடனே அனுப்ப வேண்டும். நெட் அடிக்கடி நின்றது. இன்னொரு தடவை நின்றால் வேலை கிடையாது என்று அவள் மேனேஜர் சொல்லிவிட்டார். மகனுக்குக் காண்ட்ராக்ட் வேலை, இருந்தால் உண்டு. வீடே அவள் காதை நம்பித்தான் இருந்தது.

அதனால் வேறொரு கம்பெனியிலும் லைன் வாங்கினோம். ரெண்டு வயரையும் ஒரே டப்பாவில் செருகினார்கள். ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளுமாம். வந்தவர் ஒரு வயரைப் பிடுங்கியே காட்டினார். ஒரு விளக்கு அணைந்தது, அவள் வேலை நிற்கவில்லை. சுரங்கத்துப் பம்பு மாதிரி என் வீட்டுக்கும் ரெண்டு லைன் என்று தெருவில் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் வைக்கோல் லாரி ஒன்று எங்கள் தெருவில் திரும்பியது. மேலே என்னவோ இழுபட்ட சத்தம். உள்ளேயிருந்து மருமகள், "அத்தை, ரெண்டும் போச்சு" என்றாள். போய்ப் பார்த்தால் டப்பாவில் ரெண்டு விளக்கும் சிவப்பு.

கம்பத்தில் ஏற வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தக் கம்பெனி வயருப்பா அறுந்துகினு தொங்குது?"

"ரெண்டுந்தாங்க ஆயா. கம்பெனிதான் வேற. இந்தத் தெருவுக்குக் கேபிள் ஒண்ணுதான். அந்த ரெண்டாவது கம்பெனியும் அதையேதான் வாடகைக்கு எடுத்து ஓட்டறாங்க."

ரெண்டு பில், ரெண்டு வயர், கம்பத்துக்குப் போனால் ஒன்றா? யாரும் பொய் சொல்லவில்லை. லைன் ரெண்டா என்று கேட்டோம், ரெண்டு என்றார்கள். வழி ரெண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மருமகள் போனில் கெஞ்சியதில் மேனேஜர் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். இரண்டாவது கம்பெனிக்குச் சொந்தக் கேபிள் பின்தெருவில் இருந்தது. அங்கிருந்து இழுக்க வேண்டுமானால் பின்வீட்டு மாடியைத் தாண்டியாக வேண்டும். அந்த வீட்டம்மாவிடம் நான் முகம் கொடுத்தே வருஷக்கணக்காகியிருந்தது. காம்பவுண்டுச் சுவர் எழுப்பியபோது அரை அடி இடத்துக்கு வந்த தகராறு.

போனேன். முறத்தில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"வயரு அந்த அரை அடி மேலதான் வரும். அது யாரு எடங்க?"

எங்கள் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள்தான் என் கண்ணில் நின்றாள்.

"உங்க எடந்தாங்க" என்றேன்.

அவளே நிமிர்ந்து பார்த்தாள். உரித்த பருப்பு அப்படியே கையில் நின்றது. என் வாயிலிருந்துதான் வந்ததா என்று நானும் திகைத்துப்போய் நின்றேன். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால்கூட நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் முன்தெருவில் அறுந்ததை ஒட்டி, பின்தெருவிலிருந்தும் லைன் இழுத்தார்கள். இந்தத் தடவை டப்பாவில் பிடுங்கிக் காட்ட நான் விடவில்லை. முன்தெருக் கம்பத்தில் ஏறிக் கழற்றச் சொன்னேன். ஒரு விளக்கு மட்டும் சிவப்பானது. மருமகள் விரல் நிற்கவில்லை.