சாட்சிக்கு வந்த கல்யாண மழை

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை, அதாவது வைகாசிப் பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, நேரத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தது. கரமனை ஆற்றில் பாறைகள் வெளியே தெரிந்தன. இதைப் பற்றி விவாதித்தே தீர வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. எங்கள் ஊரில் விவாதம் குடிநீரைவிடத் தாராளமாகக் கிடைக்கும்.

பேச அழைக்கப்பட்டவள் என் மனைவி. கல்லூரியில் புவியியல் கற்பித்தாள். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் பழைய மழைப் பதிவுகளைத் தேடி எடுத்து கிராஃப் வரைந்திருந்தாள். இரவல் புரொஜெக்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததுதான் அறிவியலுக்கு நான் செய்த தொண்டு.

மாலை வெயில் நேராகச் சுவரில் விழுந்ததால் கிராஃப் யாருக்கும் தெரியவில்லை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. ஒரு வருஷத்து மழையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, பல வருஷப் போக்கைப் பார்க்க வேண்டும், இன்னும் உறுதியாகத் தெரியாதவையும் உண்டு என்று அவள் நேர்மையாகச் சொன்னாள். கூட்டம் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டது. எதுவும் உறுதியில்லை என்று ஒப்புக்கொண்டதற்குத் தலைவர் நன்றிகூடச் சொன்னார்.

பிறகு சங்கப் பொருளாளர் மைக்கைப் பிடித்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்பவர்.

"டீச்சர் படிச்சவங்க, நான் ஒண்ணும் சொல்லல. எங்க கல்யாணம் இடவ மாசக் கடைசியில. ஒரு சொட்டு மழை கிடையாது. நெத்தியில வச்ச சந்தனம் வெயில்ல ஒணங்கிப் போச்சு. அன்னைக்கும் க்ளைமேட் சேஞ்சா?"

சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமாயிற்று. பல வருஷத்து மழைப் பதிவுகள் ஒரு மாப்பிள்ளையின் நெற்றியில் ஆவியாகிவிட்டன. ஒரு நாள் வெயில் ஆதாரமாகாது என்று என் மனைவி தொடங்கியபோது, நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியடித்தார்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து வியாபாரியின் மனைவி எழுந்தார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி நான் கேட்டதில்லை. மைக் தேவைப்படவில்லை.

"தாலி கட்டுற நேரத்துல மழையில பந்தலே விழுந்துட்டு. ஒங்க தலைக்கு மேல கொட புடிச்சது எங்க அண்ணனாக்கும். வெயில் அடிச்சது ஒங்க தங்கச்சி கல்யாணத்துல."

வியாபாரி கொஞ்சம் யோசித்தார். அதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி உட்கார்ந்தார். உடனே ஆளாளுக்குத் தங்கள் கல்யாணத்தில் நனைந்ததை நினைவுகூர்ந்தார்கள். ஒருவர் வீட்டுப் பாயசத்தில் மழைத்தண்ணீர் கலந்ததாம். பருவமழை மாறிவருவது உண்மையே என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆதாரம், பந்தல் விழுந்தது.

திரும்பும்போது ஆட்டோவில், நீதானே ஜெயித்தாய் என்றேன்.

"ஏன்னா, அந்த மாமி வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் சொன்னது பொய்யாயிருக்குமா?" என்று கேட்டாள். நான் மடியிலிருந்த புரொஜெக்டரை நகர்த்திச் சரியாக வைத்துக்கொண்டேன்.

பத்திரிகையில் வியாபாரியின் மனைவி படத்தோடு செய்தி வந்தது. பந்தல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வரை எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், கல்லூரி ஆசிரியை ஒருவரும் பேசினார் என்றிருந்தது. அடுத்த வருஷச் சுற்றுச்சூழல் தினத்துக்கு முக்கியப் பேச்சாளராக வியாபாரியின் மனைவியையே அழைத்தார்கள். என் மனைவியிடம் புரொஜெக்டர் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பாள் என்று நினைத்தேன். போனாள்.

பட்டுப்புடவையில் வந்திருந்த அந்த அம்மாள் மைக் முன் நின்றார். "எனக்கு என் கல்யாணத்து மழை மட்டுந்தான் தெரியும். மத்ததெல்லாம் டீச்சர் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பந்தல் கதைக்காகவே வந்திருந்தவர்கள் ஏமாந்துபோய் டீ குடிக்கக் கிளம்பினார்கள். மிச்சமிருந்த சிலரைப் பார்த்து என் மனைவி பேசத் தொடங்கினாள். இந்த முறை சுவரில் வெயில் இல்லை; கிராஃப் தெரிந்தது. அந்த அம்மாள் மட்டும் கையை உயர்த்தி, கிராஃபில் அந்தக் கோடு ஏன் நடுவில் அப்படிக் கீழே இறங்குகிறது என்று கேட்டார்.