அப்பாக்களின் உயரம்

கால்பந்து அகாடமிக்குப் பதின்மூன்று வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. சிக்கந்திராபாத்தின் திருமுல்கேரி மைதானத்தில் வருடாவருடம் தேர்வு நடக்கும். முதல் நாள் ஆட்டத்தைப் பார்ப்போம். மறுநாள் கையெழுத்துப் போட அப்பாக்களை வரச் சொல்வோம். கையெழுத்து ஒரு சாக்குதான். அப்பாவின் உயரத்தைப் பார்த்துப் பையன் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் போடுவோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. ஊருக்கே இது தெரிந்துபோயிற்று. எனக்கும் அலுத்துப்போயிற்று, ஆனாலும் செய்கிறேன்.

இந்த வருடம் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் நெட்டை, நல்ல ஓட்டம். பந்து மட்டும் அவன் காலில் பட்டுத் தெறித்துவிடும். மற்றவன் குள்ளம், உள்ளூர்த் தமிழ்ப் பையன். எவ்வளவு வேகமாக வந்த பந்தும் அவன் காலடியில் அடங்கிவிடும். நானும் அந்த வயதில் அப்படித்தான் ஆடினேன் என்று சொல்ல ஆசை. சத்தியமாக இல்லை.

குள்ளனோடு ஆறடி ஆள் ஒருவர் வந்தார். படிவத்தில் 'தந்தை' என்ற இடத்தில் பேனாவை வைத்தவர், எழுதாமல் பையனையே பார்த்தார். பையனைத் தனியே அழைத்துக் கேட்டேன். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிறவன், அன்று தமிழிலேயே சொன்னான்.

"மாமா சார். அப்பா கட்டை. நான் வர்றது நக்கோ, வேணாம், என்னைப் பாத்தா உன்னை எடுக்க மாட்டாங்கன்னு அவரேதான் சொன்னாரு."

என்னோடு இருந்த தேர்வாளர் நெட்டையின் பக்கம். ஆட்டத்தைப் பழக்கிவிடலாம், உயரத்தை எங்கே போய் வாங்குவது என்பார். இதற்காக அவரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆறடியைக் கண்டதும் அவர் மனமே இளகிவிட்டது. அவன் அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். மாமாவாம் என்றேன். ஏன் சொன்னேன்? நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. அவர் குள்ளனின் பெயரை அடித்துவிட்டார்.

வெளியே வந்தபோது, கேட்டுக்கு அப்பால் ஸ்கூட்டரோடு ஒருவர் நின்றிருந்தார். என் தோளுக்குத்தான் வருவார். பையனின் அதே முகம் அவருக்கு. யாரோ வழிப்போக்கர்போல, அந்தச் சின்னப் பையன் எப்படி ஆடினான் என்று கேட்டார். நன்றாக ஆடினான் என்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் தலையாட்டினார். "ஹவ், ஆமா சார். அவங்கப்பாகூட நல்ல உசரம் சார்."