விண்கப்பலின் ஐந்தாவது ஜன்னல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக வரும், நடந்ததில் பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் சிறுபிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறாள். அவளுடைய முதல் புத்தகம், நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு விண்கப்பல் கதை. அன்று மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் போகவே எனக்குக் கூச்சம். மீன் அரிந்த கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். ஒரு படத்தில் கப்பல் நம்மைப் பார்த்து வருகிறது. வலது பக்கம் மட்டும் தெரிகிறது, நான்கு வட்ட ஜன்னல். இன்னொரு படம் கப்பலுக்குள்ளே, மூக்கைப் பார்த்து நிற்கிற மாதிரி. இடது சுவரில் நான்கு ஜன்னல், வலது சுவரில் அடுப்படி ஜன்னலோடு ஐந்து. சொன்னால் சிரிப்பாளோ என்று இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன்.

“ஏம்மா, இந்த அடுப்படி ஜன்னல் வெளியில காணுமே?”

“அத்தை, இது மாமாவோட படகு இல்ல!” என்று என் வீட்டுக்காரரை இழுத்துச் சிரித்தவள், எண்ணிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “ஐயோ, ஆமாத்தை! நல்லவேளை பார்த்தீங்க, மானத்தைக் காப்பாத்திட்டீங்க.” வெளியே ஐந்தாவது ஜன்னலைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் எடுக்க நின்றேன். ஒரு படகு நேராக என்னைப் பார்த்து வந்தது. எங்கள் தெருப் பெண்கள் கடலுக்குப் போனதில்லை. புதுப்படகு இறக்கும் நாளில் மணலில் நின்று அதன் மூக்கில் மஞ்சள் குங்குமம் வைப்போம், அவ்வளவுதான். எதிரே நின்று பார்த்தே பழகிய கண். அந்தப் படகில் என் வலது கைப் பக்கம் தெரிந்த ஜன்னல், உள்ளே ஓட்டுகிறவருக்கு இடது கைப் பக்கம்! அப்படியென்றால் வெளிப்படத்தில் தெரிந்தது கப்பலின் இடது சுவர். அவள் முதலில் போட்ட நான்கும் சரி. நான்தான் கெடுத்துவிட்டேன். கூடையை அங்கேயே போட்டேன்.

ஓடிவந்து சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. உடனே போன் போட்டாள். புத்தகம் போடுகிறவர், “அச்சுக்குப் போயிடுச்சும்மா. பிள்ளைங்க ராக்கெட்ட பார்க்குமா, ஜன்னல எண்ணுமா?” என்றாராம்.

நான் எண்ணினேனே!

“விடுங்கத்தை, நானும்தானே பார்த்தேன்” என்றாள். ஆனாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களில் யார் கைக்காவது கிடைத்தால், கப்பலுக்குள்ளே நிற்கிறதாக நினைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் ஒத்துப் பாருங்கள். இரண்டாம் தடவை சொன்னதுதான் தப்பு என்றால் எனக்கு அதைவிட நிம்மதி இல்லை. எதற்கும் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.