நல்ல தண்ணீர்க் குழியை அடைத்தவர்

புதுச்சேரியில் தண்ணீருக்குப் போர் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். முத்தியால்பேட்டையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் கோவிந்தசாமி பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லத் தெரியாதவர் ஊருக்குப் புதுசு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சவுக்குத் தோப்புகளில் கூலிக்குக் கை போர் இறக்கியவர். இன்றைக்குச் சொந்த லாரி, லாரி மேல் மெஷின், அதை நம்பி உலை வைக்கிற குடும்பங்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. யாரும் தூக்கிவிடவில்லை. தன் கையை ஊன்றித் தானே மேலே வந்த மனிதர்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உப்பளம் என்கிற பகுதியில் ஒரு சந்து. பழைய துறைமுகம் கூப்பிடு தூரம். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் என்று பெரிய பெரிய ஆட்களே கைகழுவிய இடம். இளவட்டமாக இருந்த கோவிந்தசாமி விடவில்லை. மேலே உப்பு மணல், அதற்குக் கீழே கெட்டியான கருப்புக் களிமண், அந்தக் களிமண்ணையும் தாண்டிப் போனால் இளநீர் மாதிரி தண்ணீர். அதை எடுத்துக் காட்டினார். அந்தக் குழாய் இன்றும் சுலோசனாவின் இட்லிக் கடைச் சுவரோரம் இருக்கிறது. சந்து முழுக்க அதில்தான் குடிக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போவார்.

"தண்ணிய குடிச்சிட்டே போறியே அண்ணே, ஒரு நாளாச்சும் ரெண்டு இட்லி துன்னேன்" என்பாள் சுலோசனா.

"உன் இட்லி மெத்துனு இருக்குதுன்னா அது என் தண்ணியால. எனக்கு நீதான் கமிஷன் குடுக்கணும்" என்பார் அவர்.

அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு. நல்ல தண்ணீர் வந்ததும் முதல் டம்ளர் வீட்டுக்காரருக்கு, அடுத்தது அக்கம்பக்கத்துக்கு. பிறகு குழியின் வாய்க்கு மஞ்சள் குங்குமம். அப்படிப் பொட்டு வைக்கத் தகுந்த குழியை எந்தக் காலத்திலும் மண் போட்டு அடைக்கக் கூடாது. மோட்டார் போனாலும் வீடு கைமாறினாலும் மேலே ஒரு மூடி போட்டு வைக்கலாம், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் கோவிந்தசாமி யார் பேச்சையும் கேட்டதில்லை.

அந்தச் சந்தின் முதுகுப் பக்கத்தில், பழைய சொல்தா வீட்டுக்காரர்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய குடும்பத்தார், தர்மத்துக்குக் கொடுத்த மனையில் நான்கு மாடிக் கண் ஆஸ்பத்திரி எழும்பியது. போர் போட கோவிந்தசாமியைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? போனால், பூர்ணிமா என்ற இன்ஜினீயர் பெண் மனை முழுக்கச் சுண்ணாம்பால் புள்ளி வைத்துக் காத்திருந்தாள்.

"இவ்ளோ போரா? ஊருக்கே தண்ணி விக்கப் போறீங்களா மேடம்?"

"தண்ணி வேணாம் ஐயா. குழிதான் வேணும்."

அவர் சிரித்துவிட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள். வீட்டு ஏசி உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சித் தெருவில் கொட்டுகிறது. வெயில் காலத்தில் தெருவே அடுப்பாக இருக்கும்போது சூட்டைக் கொட்ட அது திணறும், கரண்டைத் தின்னும். ஆனால் பூமிக்குள் போகப் போக வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது, எப்போதும் ஒரே பதம். அதனால் ஒவ்வொரு குழியிலும் ஒரு கருப்பு ரப்பர் மாதிரிப் பைப்பை இறக்கி, அடியில் மடக்கி மேலே கொண்டுவந்து, அதற்குள் தண்ணீரைச் சுற்றவிட்டால், ஆஸ்பத்திரியின் சூட்டை அது கீழே கொண்டுபோய் மண்ணில் விட்டுவிட்டு வரும். அந்தத் தண்ணீரைச் சுற்றவிடுகிற மெஷினே கொஞ்சம் சூட்டை வழியில் பிடித்து, துணி துவைக்க வெந்நீரும் கொடுத்துவிடும்.

"பைப்பை இறக்கினதும் குழிய அடியிலேர்ந்து மேல வரைக்கும் பென்டோனைட் கூழ் ஊத்தி அடைக்கணும் ஐயா. அது ரொம்ப முக்கியம்."

மண் சரியாமல் இருக்க அவர் தினம் கரைக்கிற களிமண் மாவுதான் பென்டோனைட். அதனால் தலையாட்டினார்.

முன்பக்கத்துக் குழிகளில் சவுட்டு மண்ணும் உப்புத் தண்ணீருமாக வந்தது. மனசில் ஒன்றும் இல்லாமல் கூழ் ஊற்றி அடைத்தார். சந்தை ஒட்டிய பின்மூலைக் குழிதான் அவரைச் சோதித்தது. களிமண்ணைத் தாண்டியதும் நல்ல தண்ணீர் பீறிட்டு வந்தது. கையில் ஏந்திக் குடித்தார். இளவயதில் சுலோசனா வீட்டுச் சுவரோரம் குடித்த அதே ருசி.

பூர்ணிமா அன்றைக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துப் பட்டறைக்குப் போயிருந்தாள். பைப் இறங்கியதும் கோவிந்தசாமி கூழை ஊற்றாமல், தண்ணீர் போருக்குப் போடுகிற கூழாங்கல்லைக் கொட்டச் சொன்னார். மேல்வாயில் மட்டும் கூழால் பூசிவிட்டால் போதும். என்றைக்காவது யாருக்காவது வேண்டுமென்றால் கல்லை வாரிவிட்டுத் தண்ணீர் எடுக்கலாமே.

மெஷின் ஓட்டுகிற கலியபெருமாள் தயங்கினான். "மாமா, அந்தப் பொண்ணு அடியிலேர்ந்து அடைக்கச் சொல்லிச்சே."

"இந்தத் தண்ணிய அடைச்சா சோறு எறங்குமாடா உனக்கு?"

"எனக்கு எறங்கும்."

"எனக்கு எறங்காது. கொட்டு."

ஆஸ்பத்திரி திறந்தார்கள். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் மார்கழி விடியல் மாதிரி இருந்தது. கூரைமேல் ஏசிப் பெட்டிகள் இல்லை, இரைச்சல் இல்லை. கோவிந்தசாமி போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "உள்ள அடிக்கிறது ஏசி இல்ல, நம்ம பூமி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பெருமைப்பட வேண்டிய வேலைதான்.

கொஞ்ச காலம் கழித்து, தண்ணீர் குடிக்க வண்டியை நிறுத்தியவரைப் பார்த்ததும் சுலோசனா குழாயைத் திறந்தாள். டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் முகம் மாறிவிட்டது. கரித்தது.

"பருப்பு வேக மாட்டேங்குது. டீ வாயில வைக்க முடியல. சந்துல எல்லாரும் கேன் வாங்குறாங்க" என்றாள். "என்னால முடியுமா அண்ணே, கேன் தண்ணியில இட்லிக் கடை நடத்த? இன்னா பண்ண என் தண்ணிய?"

"கடல் ஏறியிருக்கும்" என்றார் கோவிந்தசாமி. சொல்லும்போதே பார்வை ஆஸ்பத்திரியின் பின்மூலைக்குப் போனது. அவர் பெயரும் அந்தச் சந்தின் குடிதண்ணீரும் ஒரே குழாயில்தான் வந்துகொண்டிருந்தன. இப்போது இரண்டும் சேர்ந்து போகப் பார்த்தன.

நேராகப் பூர்ணிமாவிடம் போய்ச் சுலோசனாவின் தண்ணீர் கரிப்பதைச் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். "பின்மூலையில என்ன போட்டீங்க?"

"கல்லு."

அவள் சத்தம் போடவில்லை. தரையில் மூடி போட்ட ஒரு பாட்டிலை நிறுத்தினாள். "மேல உப்பு, கீழ நல்லது. நடுவுல களிமண் மூடி. நீங்க போடுற போர்ல குழிச் சுவர ஒட்டி கேசிங் பைப் நின்னு உப்ப தடுக்குது. இங்க கேசிங் கெடையாது. நாம மூடியில ஓட்ட போட்டுட்டோம், கூழ்தான் திரும்ப மூடணும். கல்லு வழியா உப்பு எறங்கிடுச்சு. இட்லிக் கடையம்மா மோட்டார் போடப் போட அது அந்த உப்ப தன் பக்கமே இழுக்குது."

அந்த நிமிஷம்தான் கோவிந்தசாமிக்கு உறைத்தது. தண்ணீரைக் காப்பாற்றுகிறேன் என்று உப்புக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது அவர்தான்.

"நான் ஒருத்தனே சரி பண்ணிடுறேம்மா."

"சேந்தே பண்ணலாம் ஐயா. நான் நின்னு பாத்திருக்கணும். அந்த ஒரு குழிக்கு வால்வ மூடிட்டா மத்த குழிங்க ஆஸ்பத்திரிய பாத்துக்கும்."

மெஷின் திரும்ப வந்தது. கலியபெருமாள் அதைப் பின்மூலையில் கொண்டுவந்து நிறுத்தினான். பைப்பை உருவி, தண்ணீரைப் பீய்ச்சிக் கல்லை எல்லாம் மேலே கொண்டுவந்தார்கள். கோவிந்தசாமி குழித் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அதுவும் உப்பு. எதற்காகத் திறந்து வைத்தாரோ அதுவே அங்கே இல்லை. புதுப் பைப் இறங்கியதும் கூழ்க் குழாயைத் தன் கையால் அடிவரை விட்டார். கூழ் நிறைய நிறையக் குழாயை மெல்ல உயர்த்தி, வாய் வரைக்கும் தளும்பி வந்தபிறகுதான் கையை எடுத்தார்.

அதன்பிறகு சுலோசனாவின் மோட்டாரை ஓடவிட்டு, கரிப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். தினமும் காலையில் முத்தியால்பேட்டையிலிருந்து, மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கோவிந்தசாமியின் இன்னொரு லாரியே சந்துக்குக் குடிதண்ணீர் சுமந்தது.

"பெரிய போர்க்காரரு, தண்ணி லாரி ஓட்ட வந்துட்டாரு" என்றாள் சுலோசனா குடத்தை நீட்டியபடி.

"ஊத்தறேன், குடத்த நேரா புடி."

மழை இரண்டு பெய்தது. நாளாக நாளாகக் கரிப்பு இளகியது. ஒரு காலையில் லாரி வந்தபோது சுலோசனா குடம் கொண்டுவரவில்லை. கடை வாசலில் நின்று, "போய்ட்டு பூர்ணிமாவ கூட்டிகிட்டு வா" என்றாள்.

பூர்ணிமா வந்தாள். கோவிந்தசாமி குழாயடியில் டம்ளரைப் பிடித்தார். வழக்கப்படி முதல் டம்ளர் வீட்டுக்காரருக்கு. சுலோசனா வாங்காமல் பூர்ணிமாவைக் காட்டினாள். அவர் பூர்ணிமாவிடம் கொடுத்தார்.

"என் தண்ணிய எனக்கே திருப்பிக் குடுத்த பொண்ணு நீ. குடிம்மா" என்றாள் சுலோசனா.

அவள் குடித்துவிட்டுச் சும்மா தலையாட்டினாள். பிறகு அவர் குடித்தார். களிமண்ணுக்குக் கீழே இருந்து வந்த அதே ருசி. டம்ளரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்தார்.

சுலோசனாவிடம் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்மூலைக்குப் போனார். அடைத்து இறுகிய குழியின் வாயில் பொட்டு வைத்தார். அடைத்த குழிக்கு அவர் வைத்த முதல் பொட்டு அது. சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீரில் துவைத்த வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது இலையில் இட்லி ஆவி பறக்கக் காத்திருந்தது.

"இன்னைக்காச்சும் துன்னுவியா அண்ணே?"

உட்கார்ந்து சாப்பிட்டார். மெத்தென்றுதான் இருந்தது.