ஐம்பத்தேழாம் வாரம்

பொதுப்பணித்துறையின் ஸ்ரீபெரும்புதூர்ப் பிரிவு அலுவலகத்தில் யாகப்பன் டிரேசராகச் சேர்ந்தது 1956-ஆம் ஆண்டு. ஏரி வரைபடங்களை, மதகு, உபரிநீர் வழியும் கலங்கல், கரையின் வளைவு எதுவும் மயிரிழை பிசகாமல், மெழுகுத் துணியின்மேல் படியெடுப்பது அவர் வேலை. டிரேசர் என்பவர் வரைகிறவர் அல்லர். பிறர் வரைந்ததன்மேல் துணியை விரித்துக் கோடு இழுக்கிறவர். இந்த வேறுபாட்டை அலுவலகத்தில் எவரும் அவருக்கு நினைவூட்டத் தவறியதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தபின் அவர் வரைந்தார். முறத்தில் அரிசி புடைக்கும் மனைவி, தேர்த்திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்களின் தோள்கள், பேருந்துப் படியில் தொங்குகிறவர்களின் முகங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்தவர் அவர் மனைவி சூசையம்மாள் ஒருத்திதான்.

1961 அக்டோபர் ஐந்தாம் தேதி, ஒரு வாரப் பத்திரிகையில் ‘செங்கழுநீர்க் கோட்டை’ என்னும் சரித்திரப் படக்கதை தொடங்கியது. வாரம் இரண்டு பக்கம். பல்லவரும் சளுக்கியரும் மோதிய மணிமங்கலத்துப் போரை வைத்து, பரிமேலன் என்ற கற்பனைப் படைத்தலைவனைச் சுற்றிப் பின்னிய கதை. படப்பை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் ஊரில் நடந்த போர் என்பதால், ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் அதைத் தங்கள் குடும்பச் சொத்தைப் போலவே பாவித்தார்கள். வியாழக்கிழமை பேருந்தில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும் பிரதிகள் பறந்துவிடும். பக்கங்களை வெட்டி அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்ள வீட்டுக்கு வீடு ஏற்பாடு நடந்தது.

இந்த ரசிகர்களுக்கெல்லாம் தலைவர் திருநாராயணன். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். கடைத்தெரு வாசகசாலைக்குச் செயலாளர். மூக்கில் நழுவும் தடித்த கண்ணாடி, காதில் செருகிய பேனா. ஒரு வாரம் பரிமேலனின் வாள் இடுப்பின் வலப்பக்கம் தொங்கியதற்காகப் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதி, மறுவாரம் திருத்தம் வரவழைத்தவர் அவர்.

1963 தொடக்கத்தில் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது: வாசகர்கள் பரிமேலனைத் தாமே வரைந்து, உள்ளூர் வாசகசாலையின் முத்திரையுடன் அனுப்ப வேண்டும். பதினேழு நாள் உழைத்து வரைந்த படத்தை யாகப்பன் திருநாராயணனிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

“பேஷா இருக்கு ஓய்” என்று சொல்லி முத்திரையும் குத்தினார். அன்று மாலையே தனியாக ஓர் அஞ்சலட்டையும் எழுதிப் போட்டார். அது யாகப்பனுக்குத் தெரியாது.

மார்ச் பதினான்காம் தேதி இதழில் பதில் வந்தது. லாரிப் பட்டறையில் வேலை பார்த்த மைக்கேல்ராஜ் என்ற இளைஞன் அதை வாசகசாலையில் உரக்கப் படித்தான்: “யாகப்பன், ஸ்ரீபெரும்புதூர். தங்கள் படம் நம் ஓவியரின் படத்தின்மேல் தாள் வைத்து எடுக்கப்பட்டது எனத் தங்கள் வாசகசாலைச் செயலாளரே தெரிவித்துள்ளார். இனியேனும் முயற்சி சொந்தமாக இருக்கட்டும்.”

திருநாராயணனைத் தவிர அங்கே பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவன் மைக்கேல்ராஜ். அந்த முகங்களை யாகப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டார்.

“ஏன் சார் இப்படி எழுதுனீங்க?” என்று அவர் கேட்டபோது திருநாராயணனுக்கு உண்மையிலேயே வியப்பு.

“உம்ம உத்தியோகமே அதானே ஓய்? இருக்கறதைத்தானே எழுதினேன். பத்திரிகைக்காரனை ஏமாத்தறதுக்கு நான் துணை போகலாமோ?”

அவர் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார். யாகப்பனால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். பகைவன் ஒருவன் வேண்டுமென்றே செய்த கெடுதலாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பார். ஏழாண்டு பழகிய மனிதர், அவர் கையைப் பார்த்துவிட்டு, அந்தக் கையால் எதுவும் ஆகாதென்று ஐயமே இல்லாமல் முடிவு செய்திருந்தார்.

மே ஒன்பதாம் தேதி எண்பத்து நான்காம் வாரத்தோடு படக்கதை முடிந்தது. பைண்டு வேலை தொடங்கியதும் ஊரே ஒரு சிக்கலில் மாட்டியது. முந்தைய ஆண்டு நவம்பர் மழையில் சாலை அறுந்து, ஐம்பத்தேழாம் வாரக் கட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு வரவே இல்லை. அந்த இதழ் யாகப்பனிடம் மட்டும் இருந்தது. பெரம்பூரிலிருந்த அவர் தங்கை கணவர் கொடுத்தது. சிரித்த பதினொரு பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் மறுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு பக்கம், கோட்டுக்குக் கோடு படியெடுத்துக் கொடுத்தார். கடைசியாகத் திருநாராயணனும் வந்தார்.

“எனக்கும் ஒண்ணு டிரேஸ் பண்ணிக் கொடும். உமக்குக் கைவந்த கலையாச்சே.”

“குடுக்கறேன் சார். கொஞ்சம் நாளாவும்.”

மற்றவர்களுக்கு ஒரு மாலையில் முடித்த வேலை இதற்கு ஒரு மாதம் பிடித்தது. சூசையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாய்யா, அந்தாளுக்கு மட்டும் நகாசு வேலை? உன் பேரைக் கெடுத்தவனாச்சே.”

“அதுக்குத்தான்.”

உண்மையான ஐம்பத்தேழாம் வாரத்தில், பரிமேலன் ஏரி மதகுக்குள் புகுந்து மறுபுறம் வெளியேறி, காவலர் நால்வரை வெட்டிவிட்டுப் போகிறான். யாகப்பன் முதல் பக்கத்தை அப்படியே படியெடுத்தார். இரண்டாம் பக்கத்தை மாற்றினார். அதில், வெட்டுண்டு கிடக்கும் காவலன் ஒருவன் தாகத்தால் உதட்டை அசைக்கிறான். பரிமேலன் திரும்பி வருகிறான். தலைக்கவசத்தைக் கழற்றி ஏரி நீரை மொண்டு, பகைவனின் தலையை மடியில் ஏந்திப் புகட்டுகிறான். கடைசிக் கட்டத்தில் நீர் வழியும் கவசமும் இரண்டு கைகளும் மட்டும். பத்திரிகை ஓவியரின் கோடு, நிழல், எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருந்தன. திருநாராயணனின் உள்ளம் எதற்கு உருகும் என்று கணக்கிட்டு, அவர் விழுவதற்கென்றே வெட்டிய குழி அது.

பைண்டு செய்த புத்தகத்தைத் திருநாராயணன் எவருக்கும் இரவல் தருவதில்லை. வாசகசாலைப் பீரோவில் பூட்டித் தாமே படிப்பார். ஆகவே குழி மூடியபடியே கிடந்தது. யாகப்பன் காத்திருந்தார். ஊர் பார்க்க அந்த மனிதர் அதில் கால் வைக்க வேண்டும். நான்காண்டுகள் அவரைக் கண்டபோதெல்லாம் வணக்கம் சொன்னார். ஒவ்வொரு வணக்கத்துக்கும் நெஞ்சுக்குள் ஒரு முறை பல்லைக் கடித்தார்.

1967 ஆகஸ்டில் ‘செங்கழுநீர்க் கோட்டை’ வண்ணத் திரைப்படமாகி ஊரின் டூரிங் கொட்டகைக்கு வந்தது. மூன்றே நாளில் ஊர் இரண்டாகப் பிளந்தது. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசகசாலையில் வாதம் நடக்கும் என்று செய்திப் பலகையில் எழுதப்பட்டது: சிறந்தது படக்கதையா, திரைப்படமா? படக்கதைக்குத் திருநாராயணன், திரைப்படத்துக்கு மைக்கேல்ராஜ். நூறு பேருக்குமேல் கூடி, இடம் போதாமல் சன்னல்களில் தொற்றிக்கொண்டார்கள். பழைய பதினொரு பேரும் இருந்தார்கள். ஐம்பத்தேழாம் வார இதழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு யாகப்பன் கதவோரம் நின்றார்.

“மணிமங்கலம் நமக்குப் பக்கத்து ஊர்” என்று தொடங்கினார் திருநாராயணன். “ஏரி இருக்கு, வயல் இருக்கு. மலை எங்கே இருக்கு? படத்திலே அருவியே கொட்டறது!”

“மலை இல்லாங்காட்டி பரிமேலன் எங்க சார் ஏறி நின்னு பாடுவாரு? வரப்புலயா?” என்றான் மைக்கேல்ராஜ். கூட்டம் ஆர்ப்பரித்தது. “உங்க படக்கதைல ரத்தங்கூட கறுப்பு. தார் ஊத்துனாப்புல கீது. எங்க படத்துல செவப்பா ஓடுது!”

“சரித்திரத்தைக் கொன்ன ரத்தம் அது.”

“சரித்திரத்துல பரிமேலன்னு ஒரு ஆளே கெடையாது சார். நீங்களே சொல்லிக்கீறீங்க.”

திருநாராயணன் பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். யாகப்பன் சட்டைக்குள்ளிருந்த இதழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“போகட்டும். மலையை மன்னிக்கலாம், பாட்டை மன்னிக்கலாம். இந்தக் கதைக்கு உயிர்நாடி எது? சாகப்போற சத்ருவுக்குப் பரிமேலன் தண்ணி கொடுக்கறானே, அந்த இடம். அதையே வெட்டிட்டான் படக்காரன்! அதைக் கண்டிச்சு அந்தக் கம்பெனிக்கு நாலு பக்கம் லெட்டர் எழுதியிருக்கேன். பத்திரிகைக்கும் ஒரு நகல் போயாச்சு.”

கூட்டத்தில் குழப்பமான முணுமுணுப்பு எழுந்தது. “தண்ணியா? எங்க வூட்டு புக்குல அப்படி ஒண்ணும் இல்லியே சார்” என்றான் மைக்கேல்ராஜ்.

“நன்னாப் பாரும் ஐயா. ஐம்பத்தேழாம் வாரம்.” விரித்த பக்கத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார்.

யாகப்பன் முன்னே வந்தார். சட்டைக்குள்ளிருந்து இதழை எடுத்து, அட்டையிலிருந்த தேதியைப் படித்து, இரண்டாம் பக்கத்தை விரித்தார். நான்கு காவலர், நான்கு வெட்டு, பரிமேலன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“அந்தத் தண்ணி பத்திரிகைக்காரன் குடுத்தது இல்ல சார். நான் குடுத்தது. அந்தப் பக்கம் நான் போட்டது. நாலு வருசமா என் படத்தைத்தான் நீங்க பூட்டி வெச்சிப் படிச்சிக்கினு இருந்தீங்க.”

திருநாராயணன் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஒரு கணத்துக்காகத்தான் நான்காண்டு. ஆனால் அவர் நிமிர்ந்தபோது கண்ணில் அவமானத்தைக் காணவில்லை; பழைய வியப்புதான் இருந்தது.

“நீர் போட்டதா? இதையா? இது தேர்ந்த ஓவியன் கை ஓய். எந்தப் பத்திரிகையிலேர்ந்து டிரேஸ் பண்ணினீர்? அதைச் சொல்லும்.”

“அதானே! எங்கேருந்து சுட்டீங்க டிரேசர் அண்ணே?” என்றான் மைக்கேல்ராஜ். பதினொரு பேரும் சிரித்தார்கள். இந்த முறை கூடவே நூறு பேர் சிரித்தார்கள்.

யாகப்பன் செய்திப் பலகையருகே போய், வாதத்தின் தலைப்பைக் கையாலேயே அழித்தார். சாக்குக்கட்டியை எடுத்தார். முதலில் தலைக்கவசமும் வழியும் நீரும் வந்தன. ஏந்திய மடி வந்தது. பின்பு நீருக்காக வாய் பிளந்து மல்லாந்த முகம்: மூக்கில் நழுவும் தடித்த கண்ணாடி, காதில் செருகிய பேனா, நீண்ட மோவாய். எவருக்கும் பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. தண்ணீர் புகட்டும் பரிமேலனுக்கு அவர் தம் முகத்தையே வைத்தார்.

சிரிப்பு தயங்கி, பிறகு வெடித்தது. சன்னலில் தொற்றியிருந்த ஒருவன் கீழே விழுந்தான்.

“இதுக்கு எங்க சார் துணி போட்டேன்?” என்று கேட்டார் யாகப்பன். “எந்தப் பத்திரிகைல உங்க மூஞ்சி வந்துக்கீது? காட்டுங்க.”

திருநாராயணன் கண்ணாடியை உயர்த்திப் பலகையைப் பார்த்தார். “மன்னிக்கணும்” என்றார் மெல்ல. அந்த இரைச்சலில் அது யாகப்பனைத் தவிர எவர் காதிலும் விழவில்லை. யாகப்பன் அதை உரக்கத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். அவர் சொன்னார். மறுவாரம் செயலாளர் பதவியை விட்டுவிட்டார். அவர் எழுதிய கடிதத்துக்குப் பத்திரிகை அச்சிட்ட பதில் ஊர் முழுதும் படிக்கப்பட்டது: அப்படியொரு காட்சி தங்கள் இதழில் என்றுமே வெளிவரவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைக்கேல்ராஜ் தன் வீட்டுப் புத்தகத்தோடு யாகப்பனின் வாசலில் நின்றான்.

“அண்ணே, எங்க புக்குலயும் அந்த வாரம் உங்க கைதான். தண்ணி இல்ல, செரி. வேற எதனா மாத்தி வெச்சிக்கீறீங்களா?”

“பாத்தா தெரியலியா?”

“தெரியலியேண்ணே. அந்த இதழைக் கொஞ்சம் குடுங்க. ஒத்துப் பாத்துட்டு இப்பவே திருப்பிக் குடுத்துடறேன்.”

“கெடையாது.”

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒருவர் அந்த இரண்டு பக்கத்தையும் பிரித்தெடுத்துவிட்டார். பிறகு அதுதான் அசலோ என்ற சந்தேகத்தில் மீண்டும் ஒட்டவைத்தார். பரிமேலனின் கச்சையில் ஒரு முடிச்சு கூடுதலாக இருக்கிறதென்று இருவர் சண்டையிட்டுப் பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள். பதினொரு வீட்டுப் புத்தகங்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தது. திருநாராயணன் மட்டும் கேட்டு வரவில்லை. தம் புத்தகத்தில் எது யாருடையது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவும் இல்லை என்று பின்னாளில் யாகப்பன் கேள்விப்பட்டார். அதைக் கேட்டதும் அவர் பேச்சை வேறு திசைக்குத் திருப்பினார்.

அந்த இதழைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்து யாகப்பன் பூட்டினார். வரைவாளராகப் பதவி உயர்ந்து 1984-இல் ஓய்வு பெறும்வரை அவர் அதை எவருக்கும் காட்டவில்லை. மைக்கேல்ராஜ் மூன்றாம் முறையாக வந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று சூசையம்மாளுக்கே மனம் கேட்கவில்லை.

“நெசத்தைச் சொல்லுய்யா. அந்தப் பதினொரு புக்குலயும் கை வெச்சியா?”

“ஒரு புள்ளிகூட மாத்தல. அச்சுல இருந்தது இருந்தாப்புலதான் எடுத்துக் குடுத்தேன்.”

“அப்ப அதைச் சொல்லிட்டுப் போயேன். பாவம், அந்தப் புள்ள தூக்கங்கெட்டு மூணு வாட்டி வந்துகினு போவுது.”

யாகப்பன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“நாலாவது வாட்டியும் வரட்டும்.”