ஒரு விரற்கடை தூரம்

அமெரிக்காவில் பாட்டுப் பதிவுக்கென்றே பேர்போன நாஷ்வில்லில் நடீன் ஹார்கிஸின் முகம் யாருக்கும் தெரியாது. அவள் வாசிப்பைக் கேட்காதவர்கள் அந்த ஊரில் மட்டுமில்லை, அந்த நாட்டிலேயே குறைவு. மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது மேலேயிருந்து ஏதாவது ஒரு பாட்டு ஒலிக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் கணவன் லாய்ட், பால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவில் இருக்கும் பெண்ணிடம், "பின்னால ஒண்ணு இழுத்து இழுத்து அழுவுது பாரும்மா, அது என் பொண்டாட்டி" என்பான். அந்தப் பெண் நடீனைப் பரிதாபமாகப் பார்ப்பாள்.

அவள் வாசிப்பது பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி கால் ஊன்றி நிற்கும் வாத்தியம் அது. உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். வலக்கை தந்திகளை மீட்டும், இடக்கையில் பிடித்த எஃகு உருளை தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், பாதங்கள் கீழே பெடல்களை மிதிக்கும், முழங்கால்கள் பக்கத்துக் கம்பிகளைத் தள்ளும். "உடம்புல சும்மா இருக்கிறது வாய் ஒண்ணுதான்" என்பாள் நடீன். இடைவேளையில் அதற்கும் வேலை கொடுத்துவிடுவாள்.

சிறுவயதில் கென்டக்கியில் அவள் போன தேவாலயத்தில் இந்த வாத்தியத்தை வாசித்தவர் கார் தொழிற்சாலை வேலைக்கென்று டெட்ராய்ட் போனார். வாத்தியத்தை அவளிடம் விட்டு, திரும்ப வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை. அவர் வராமலிருந்ததற்காக நடீன் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்வாள். இருபத்திரண்டு வயதில் அதே வாத்தியத்தோடு நாஷ்வில் வந்தாள். காலை பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று ஒரு நாளைக்கு மூன்று பாட்டுப் பதிவு. முதல் வருடங்களில் தொலைபேசியில், "ஸ்டீல்காரர் இருக்காரா?" என்று கேட்பார்கள். "பேசுறது அவருதான்" என்பாள். இப்படியே முப்பத்தோரு வருடம் ஓடியது.

போன பிப்ரவரியில் வாசல் படியில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள். அதற்குப் பிறகு பயிற்சிக்கென்று பிசின் மாதிரி ஒரு உருண்டையைக் கொடுத்து, தினமும் இருநூறு தடவை பிசையச் சொன்னார்கள். இன்னொரு உருண்டையும் வாங்கிவந்து லாய்ட் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்தான், சும்மா துணைக்கு. ஆகஸ்டில் வைத்தியர் கை சரியாகிவிட்டது என்றார். கை சரியானது, தொலைபேசிதான் அடிக்கவில்லை. கூப்பிடாதவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. பத்து மணிக்குப் பதிவென்றால் பத்து மணிக்கு ஸ்டீல் வேண்டும். வேறு ஒருவனைக் கூப்பிடுவார்கள், அவனும் நன்றாக வாசித்துத் தொலைப்பான், அடுத்த முறையும் அவனையே கூப்பிடுவார்கள். நடீனே அப்படித்தான் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய இடத்துக்கு வந்தவள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது.

அக்டோபர் கடைசியில் டெல்பர்ட் யான்சி கூப்பிட்டான். கனத்த கீழ்ச்சுரங்கள் போடுகிற பாஸ் கிட்டார்காரன். இருபது வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பவன்.

"என்ன பண்ற?"

"பீன்ஸ் ஆயுறேன்."

"அதை லாய்ட்கிட்ட குடு. பாட்டுக்காரப் பொண்ணு கேலின் மேப்ரி இருக்குல்ல, அது விருது விழாவுல பாடுது. டிவியில நேரலை. ஸ்டீலுக்கு உன் பேரைச் சொல்லிட்டேன்."

நடீன் பீன்ஸைத் தள்ளி வைத்தாள். "கை எப்படி இருக்குன்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள்.

"கேட்டா நீ உண்மையச் சொல்லுவ. அதான் கேக்கல."

அந்தத் தொழிலில் ஒருவர் பெயரைச் சொல்வது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. சொன்ன ஆள் சொதப்பினால் சொன்னவனுக்கும் அடுத்த அழைப்பு வராது. வாத்தியக் குழுவை நடத்துகிற ரேபர்ன் டட்டில், "அந்தம்மா கை?" என்று இழுத்தபோது, டெல்பர்ட் "கைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தான். இது நடீனுக்கு மூன்றாவது ஆள் மூலம் தெரியவந்தது. அன்றைக்கு அவள் உருண்டையை முந்நூறு தடவை பிசைந்தாள்.

ஒத்திகைக்குப் போனால் அரங்கு முழுக்க நாற்காலிகளில் அட்டை. எந்தப் பாடகர் எங்கே உட்காருவார் என்று கேமராக்காரர்களுக்குத் தெரிவதற்காக ஒவ்வொரு நாற்காலியிலும் அவரவர் முகத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருந்தார்கள். நடீன் பாதிப் பேருடைய பாட்டில் வாசித்தவள். பதிவில் பாடுகிறவர்கள் தனி அறையில் இருப்பார்கள், அவர்களில் ஒருவரையும் நேரில் சரியாகப் பார்த்ததில்லை.

"அட்டைங்க எல்லாம் என்னையே முறைக்குது" என்றாள்.

"நாளன்னைக்கு ஆளுங்க வந்து முறைப்பாங்க. பழகிக்க" என்றான் டெல்பர்ட்.

கேலினின் பாட்டில் முதல் நான்கு ஆவர்த்தனம் ஸ்டீல் மட்டும்தான், வேறு ஒரு சத்தமும் இல்லை. அதைக் கேட்டுத்தான் கேலின் சுருதி பிடித்துப் பாட ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகுதான் மற்ற ஆறு பேரும் சேர்வார்கள். வாத்தியங்களை முன்பே பதிவுசெய்துவிடலாம், மேடையில் கையை மட்டும் ஆட்டினால் போதும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இருபத்து நாலு வயதுக் கேலின் ஒப்புக்கொள்ளவில்லை.

"தப்பு வந்தா வரட்டுங்க. நேரா வரட்டும்" என்றாள்.

"அந்தக் கண்ணு சுலபமா சொல்லிடுச்சு, முதல்ல மாட்டிக்கப் போறது நான்தான்" என்று நடீன் டெல்பர்ட்டின் காதில் சொன்னாள். ஸ்டூடியோவில் ஒரு சுரம் பிசகினால் மறுபடி வாசிக்கலாம், பத்து தடவைகூட வாசிக்கலாம். நேரலையில் ஒரே தடவைதான். ஸ்டீலில் கட்டைவிரல் நகத்தளவு நகர்ந்தாலும் சுருதி போய்விடும். நகர்த்தப் போவது தகடு வைத்த இடக்கை.

அந்தத் திங்கட்கிழமை ஒத்திகையிலேயே கேலினுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "அரைக்கட்டை இறக்குங்க" என்று ரேபர்ன் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேல் மூன்று விரலை உயர்த்திக் காட்டினான். அது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு விரல் கணக்கு உண்டு. மூன்று விரல் மேலே பார்த்தால் இறக்கிய சுருதி. பாட்டின் பழைய சுருதிக்கு இரண்டு விரலைத் தரையைப் பார்த்துக் காட்ட வேண்டும்.

நாஷ்வில்லில் பாட்டுத் தாளில் சுரங்களை எழுதுவதில்லை. ஒன்று, நாலு, ஐந்து என்று எண்களைத்தான் எழுதுவார்கள். எந்தச் சுருதியில் பாடினாலும் எண்கள் மாறாது. மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருக்கும் சுருதி எழுத்தை மட்டும் அழித்து மாற்றிக்கொண்டால் போதும், தாள் மிச்சம். அன்றைக்கு ஏழு பேரும் பென்சிலை எடுத்து மூலை எழுத்தை மாற்றினார்கள்.

புதன்கிழமை விழா. காலையில் கடைசி ஒத்திகையும் இறக்கிய சுருதியிலேயே நடந்தது. மதியம் கேலின் தேனும் வெந்நீருமாகக் குடித்து, அறையில் தனியாகப் பாடிப் பார்த்து, நாலு மணிக்கு வெளியே வந்தாள். "தொண்டை தொறந்துடுச்சு. பழைய சுருதிக்கே போயிடலாம்." ரேபர்ன் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னான், எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள். நடீன் மட்டும் அங்கே இல்லை, ஒப்பனை நாற்காலியில் இருந்தாள்.

"நடீன்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்றான் டெல்பர்ட்.

சொல்லத்தான் போனான். கதவைத் திறந்தால் நடீனின் தலை முழுக்க முடியைச் சுருட்டும் ஊசிகள், கன்னத்தில் ஏதோ பூச்சு, இமையில் ஒட்டிய முடி ஒரு பக்கம் மட்டும்.

"மன்னிக்கணும்மா. ஸ்டீல் வாசிக்கிற ஒரு அம்மா இங்க இருந்தாங்க, பாத்தீங்களா?"

"சிரிக்க வைக்காத, இமை விழுந்துடும்."

"லாய்ட் டிவியப் பாத்துட்டு யாருன்னு என்கிட்ட கேப்பான்."

"நல்லதுதான். முப்பது வருசத்துக்கு அப்புறம் ஒரு புதுப் பொம்பளையப் பாத்த சந்தோசமாவது அவனுக்குக் கிடைக்கட்டும்."

ஒப்பனைக்காரப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். வந்த காரியம் சிரிப்போடு போய்விட்டது. ரேபர்ன், டெல்பர்ட் சொல்லியிருப்பான் என்று இருந்தான். டெல்பர்ட், சொல்லியாகிவிட்டது என்றே இருந்தான். நடீனின் தாளில் காலையில் இருந்த எழுத்தே இருந்தது.

இரவு ஏழு மணிக்கு விழா தொடங்கியது. இவர்களுடையது இரண்டாவது பாட்டு. விளம்பர இடைவேளையில் நடீனின் வாத்தியத்தைத் தள்ளிக்கொண்டுவந்து மேடைத் தரையில் ஒட்டியிருந்த குறிகளில் நிறுத்தினார்கள். ஆடை அலங்காரத்தில் கொடுத்த பூட்ஸைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தேய்ந்துபோன தன் பழைய காலணியை மாட்டிக்கொண்டாள். பெடல் பாதத்துக்குத் தெரிய வேண்டும். தாளை வாத்தியத்தின் மேல் ஒட்டினாள். எதிரில் அட்டைகள் போய் ஆட்கள் வந்திருந்தார்கள். இடக்கை லேசாக நடுங்கியது. உருளையை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தாள்.

விளக்கு நேராக அவள் மேல் விழுந்தது, தாளின் மேலும் விழுந்தது. நாலடி தள்ளி நின்ற டெல்பர்ட் அதன் மூலையிலிருந்த எழுத்தைப் பார்த்தான்.

அது இன்னும் இறக்கிய சுருதியின் எழுத்து. எல்லோரும் காதில் மாட்டியிருந்த கருவியில் ஏற்கெனவே எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு. வாயைத் திறக்க முடியாது, நாட்டில் பாதி வீடுகளில் கேட்கும். அவள் இந்தச் சுருதியில் ஆரம்பித்தால் கேலினும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவாள், ஐந்தாவது ஆவர்த்தனத்தில் ஆறு பேரும் அரைக்கட்டை மேலே வந்து விழுவார்கள். அந்த நாராசத்தில் நடீன் மறுபடி இந்த ஊரில் எங்கேயும் உட்கார முடியாது. கை போய்விட்டது பாவம் என்பார்கள். அவன் செய்த தப்புக்கு.

முதல் நாலு ஆவர்த்தனத்தில் அவனுக்கு வாசிப்பு இல்லை. வலக்கையை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து, இரண்டு விரலைத் தரையைப் பார்த்து நீட்டினான்.

எந்தப் பாட்டை ஆரம்பித்தாலும் பாஸ்காரன் கையை ஒரு தடவை பார்ப்பது நடீனின் பழக்கம். இருபது வருடப் பழக்கம், எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அன்றைக்கும் பார்த்தாள். ஆனால் அதற்குள் வலக்கை தந்தியை மீட்டியிருந்தது. முதல் சுரம் அரைக்கட்டை கீழே, தப்பான இடத்தில், அரங்கு முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டு விரல், கீழே பார்த்து. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. டெல்பர்ட் காட்டினால் அது சரியாகத்தான் இருக்கும். ஒலித்துக்கொண்டிருந்த சுரத்தை விடாமல் இடக்கையை வலப்பக்கம் ஒரு விரற்கடை இழுத்தாள். அவசரப்படாமல் இழுத்தாள். கீழேயிருந்து ஒரு விம்மல் மாதிரி ஏறிவந்த சுரம் சேர வேண்டிய இடத்தில் அச்சுப் பிசகாமல் சேர்ந்து நின்றது. மிச்ச ஆவர்த்தனங்களைப் புதிய இடத்திலிருந்தே வாசித்தாள். கேலின் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள், பழைய சுருதியில், சுத்தமாக. ஐந்தாவதில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அப்படி ஒரு சேர்க்கையைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று நடீனுக்குத் தோன்றியது.

ஏழரைக்கெல்லாம் மேடைக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். பார்பிக்யூ பன்றிக்கறி, சோளரொட்டி, முட்டைக்கோஸைச் சீவிச் செய்த கோல்ஸ்லா. டெல்பர்ட் தட்டை எடுத்தும் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ரேபர்ன் வேகமாக வந்தான்.

"நடீனம்மா, முதல் சுரத்தைக் கீழேருந்து இழுத்தீங்களே, ஒத்திகையில அதை ஒரு தடவைகூட வாசிக்கலையே நீங்க?"

டெல்பர்ட் வாயைத் திறந்தான். "ரேபர்ன், அது வந்து..."

நடீன் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். முப்பத்தோரு வருடம் பெடல் மிதித்த கால். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அப்பத்தான் தோணுச்சு" என்றாள்.

"கேலின் அழுதுடுச்சு. மார்ச்லேருந்து ஊர் ஊராப் போறோம், நீங்க வரணும். அதை அப்படியே வாசிக்கணும், மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரேபர்ன் போனான்.

டெல்பர்ட் குனிந்து காலைத் தேய்த்தான். "ஏன் மிதிச்ச? தப்பு என்னுது. நாலு மணிக்கே உன்கிட்ட சொல்ல வந்தவன் நான். சொல்லாமப் போயிட்டேன். அவன்கிட்ட ஒத்துக்கணும்."

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும்?"

"ஆகுறது ஆகட்டும்."

"எட்டு மாசம் இந்த ஊர்ல என் பேரு எவன் வாயிலயும் வரல, டெல்பர்ட். உன் வாயில வந்துச்சு. உன் பேரை எவன் வாயிலயாவது விழ விடுவேனா நான்? பேசாம ரொட்டியத் தின்னு."

அவன் ஒரு சோளரொட்டியை எடுத்துக் கடித்தான். பிறகு அவள் தாளை வாங்கி, பென்சிலால் மூலை எழுத்தை அழித்துச் சரியான எழுத்தைப் போட்டான். முதல் எண்ணுக்கு முன்னால் கீழேயிருந்து மேலே ஒரு சின்னச் சாய்கோடு இழுத்தான். இழுத்துச் சேர் என்பதற்கு அதுதான் குறி. நடீன் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். இந்த மனிதனையும், டெட்ராய்ட்டிலிருந்து திரும்பி வராத அந்த மனிதரையும், திருகாணி போட்ட வைத்தியரையும் வரிசையாக நினைத்துக்கொண்டாள். யாருக்கும் நன்றியைச் சரியாகச் சொல்லி முடித்ததாக அவளுக்கு நினைவில்லை.

அப்போது லாய்ட் கூப்பிட்டான். பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பேசுகிற சத்தம் கேட்டது.

"முகம் எப்படி இருந்துச்சு?" என்றாள் நடீன். "ரெண்டு மணி நேரம் உக்காந்து பூசினாங்க."

"முகமா? முகத்தை எங்க காட்டுனாங்க. நாலு ஆவர்த்தனமும் உன் கையத்தான் காட்டுனாங்க. பெருசா, டிவி முழுக்க."

"எந்தக் கை?"

"இடது கை." லாய்ட் அங்கே பேசிக்கொண்டிருந்தவர்களை அடக்கினான். "நடுங்கவே இல்ல, நடீன்."